பதினைந்து நாளுக்கு ஒரு கீமோ, நடுவில் இன்ஜினியரிங் கவுன்சலிங். சாய்ஸ் எப்படிப் போடுவது?

எடைமேடை (அரியலூர்) கேட்கிறார்:

வணக்கம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் எடைமேடையில் பில் போடுகிற ஆள் நான். எழுதிப் பழக்கமில்லை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கு 17 முடிந்து 18 நடக்கிறது. போன டிசம்பரில் கழுத்தில் இடது பக்கம், காரை எலும்புக்கு மேலே, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. வலி கிடையாது. சாயந்திரமானால் காய்ச்சல். காட்டிய இடத்தில் காசநோய்க் கட்டி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். சதை எடுத்துச் சோதிக்கவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. அந்த மாத்திரையோடுதான் பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்தான். சிறுநீர் ஆரஞ்சு கலரில் போகும். ராத்திரி வேர்வையில் பனியன் இரண்டு தடவை மாற்றுவான். காலையில் கொடியில் மூன்று பனியன் காய்வதைப் பார்த்து அவன் அம்மாதான் முதலில் சொன்னாள், "இது வேற என்னவோ"ன்னு. கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் திருச்சிக்குக் கூட்டிப்போனோம். கட்டியை முழுசாக எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய், இரண்டாவது ஸ்டேஜ். அங்கிருந்து அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்.

கீமோவுக்குப் பெயர் ஏபிவிடி, நாலு மருந்து சேர்ந்தது. பதினைந்து நாளுக்கு ஒன்று, மொத்தம் 12. மே 5-ம் தேதி முதல் ஊசி. ரிசல்ட் மே 8. வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மார்க் பார்த்தான். இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-க்கு 183.5. (அதில் ஒரு மருந்து சிவப்பு. அன்றைக்குச் சிறுநீரும் சிவப்பாகத்தான் போகும். "அப்பா, ஆரஞ்சு போய் ரோஸ்மில்க் வந்துடுச்சு" என்றான். நான் வெளியே வந்துவிட்டேன்.)

இப்போது ஐந்து ஊசி முடிந்திருக்கிறது. நாலாவதுக்குப் பிறகு, நோய் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க எடுத்த பெட் ஸ்கேன் நன்றாக வந்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். மீதி ஏழு. கணக்குப்படி அக்டோபர் பாதியில் முடிகிறது. இந்த ஏழுக்கு நடுவில்தான் சாய்ஸ் ஃபில்லிங் (எந்தக் காலேஜ் வேண்டும் என்று வரிசையாகப் பட்டியல் போடுவது), அலாட்மென்ட், காலேஜ் திறப்பு எல்லாம் வருகிறது.

ஏற்கெனவே ஒரு தடவை மாட்டிக்கொண்டோம். சர்ட்டிஃபிகேட் சரிபார்ப்பில் ஒரு பக்கம் தெளிவில்லை, திரும்ப ஏற்றுங்கள் என்று வந்தது. அன்றைக்குத்தான் ஸ்கேன். ஊசி போட்டு ஒரு மணி நேரம் தனி அறையில் படுக்க வைத்துவிட்டார்கள், போன் வெளியே இரும்பு லாக்கரில். நான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கிறேன், ஓடிபி லாக்கருக்குள் போய் விழுகிறது. பதிவு செய்தது அவன் நம்பர். நம்பர் கொடுக்கிற அன்றைக்கு இதையெல்லாம் யார் யோசித்தது.

என் கேள்விக்கு வருகிறேன். பையன் கோயம்புத்தூரில்தான் படிப்பேன் என்கிறான். இந்த மார்க்குக்கு அங்கே நல்ல காலேஜ் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் ஊசி அடையாறில். நான் சென்னையிலோ, இல்லை இங்கே பக்கத்திலோ போடச் சொல்கிறேன். என் மச்சான், ஒரு வருஷம் போகட்டும், உடம்புதான் முக்கியம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார். மூன்றில் எது?

இன்னொன்று. காலேஜில் சொல்ல வேண்டுமா? சொல்லவே கூடாது என்று பையன் சத்தியம் கேட்கிறான். கோயம்புத்தூர் மேல் ஆசையே அதனால்தான் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. ஊரில் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த ஹார்லிக்ஸ் மட்டும் பதினோரு பாட்டில். வருகிறவர்கள் எல்லாம் அவன் தலையைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் முகத்தைப் பார்க்கிறார்கள். "அங்க என்னை யாருக்கும் தெரியாதுப்பா" என்கிறான்.

---

முதலாமாண்டு வாத்தியார்:

ஐயா, நான் ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் எடுப்பவன். கவுன்சலிங் உதவி மையத்திலும் சில ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் மனதை அரிக்கிற விஷயம். கவுன்சலிங்கில் உடல்நிலை என்று ஒரு கட்டமே கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, அவ்வளவுதான். நோயைக் காரணம் காட்டி ரேங்க்கைக் குறைக்க யாராலும் முடியாது. அடுத்த ஆண்டு போனாலும் இதே மதிப்பெண்ணோடு விண்ணப்பிக்கலாம், முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கும் இடம் உண்டு. ஆனால் அடுத்த ஆண்டு 183.5-க்கு என்ன ரேங்க் வரும் என்பது அந்த ஆண்டுப் பிள்ளைகளின் கையில்.

வருகைப்பதிவுதான் உங்கள் உண்மையான பிரச்சினை. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி பருவத் தேர்வு எழுத 75 சதவீதம் வேண்டும். மருத்துவக் காரணம் இருந்து சான்றிதழும் கொடுத்தால் 65 வரை அனுமதிப்பார்கள். அதற்குக் கீழே போனால் அந்தப் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அவர்களுடைய விதியைத் தனியாகக் கேளுங்கள்.

உங்கள் தொழில் பாஷையிலேயே போடுகிறேன். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்று வையுங்கள், அது மொத்த எடை. ஆகஸ்ட் பாதிக்கு மேல் விழுகிற ஊசி ஐந்து. சென்னைக்குள் இருந்தால் ஊசிக்கு ஒரு நாள், வாந்திக்கும் அசதிக்கும் இரண்டு மூன்று நாள், ஆக நாலு. ஐந்து நாலு இருபது. மீதி 70 நாள், 78 சதவீதம் சுமாராக. கோயம்புத்தூர் என்றால் போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி, அசதி கூடும். ஆறு நாள் வீதம் 30. மீதி 60 நாள், 66.7. எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள். நடுவில் ஒரே ஒரு காய்ச்சல் வந்து அட்மிட் ஆனால் கீழே போய்விடும். தரவரிசையில் நாற்பது இடம் கீழே இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய கல்லூரிதான் இந்த ஆண்டு உங்களுக்கு நல்ல கல்லூரி.

ஒருவேளை சேர்ந்த பிறகு முடியாமல் போனால், படிப்பில் இடைவெளி அனுமதி என்று ஒன்று இருக்கிறது. நீண்ட நாள் நோய் மாதிரிக் காரணத்துக்கு அதிகபட்சம் ஒரு வருடம். முதல்வர் வழியாக, முன்கூட்டியே, எழுத்தில் கேட்க வேண்டும். கேட்காமல் சும்மா வராமல் இருந்தால் அது இடைவெளி ஆகாது, வருகைக் குறைவுதான். பலர் தடுக்கி விழுகிற இடம் இது.

அலாட்மென்ட் வரும்போது கவனம். "ஏற்று, மேலே வந்தால் மாறுகிறேன்" என்று கொடுத்தால் குறித்த நாளுக்குள் உதவி மையத்தில் போய்ப் பணம் கட்ட வேண்டும். உங்களுக்கு அலைச்சல். போட்ட பட்டியலில் திருப்தி இருந்தால் "ஏற்றுச் சேர்கிறேன்" போதும். வேண்டாத கல்லூரியைச் சும்மா நிரப்புவதற்காகப் பட்டியலில் எழுதாதீர்கள், எழுதினால் அது வந்து நிற்கும். ஊசி நாளும் உறுதி செய்யும் நாளும் ஒன்றாக வந்தால் போன் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும், பையனிடம் வேண்டாம்.

---

மூலிகை நண்பன்:

கீமோ உடம்பைக் கெடுக்கும். ஏழு ஊசியையும் நிறுத்துங்கள். எங்கள் பக்கம் ஒருவர் கஷாயம் கொடுக்கிறார், தனிச்செய்தி அனுப்பினால் விலாசம் தருகிறேன்.

---

பன்னிரண்டு ஊசி:

மூலிகை அண்ணே, ஸ்கேன் நல்லா வந்திருக்குன்னு அவர் எழுதியிருக்காரு, படிச்சீங்களா இல்லையா? நோயைக் கரைச்சது அந்த ஊசிதான். பாதியில நிறுத்தினா திரும்பி வரும், அப்போ இதைவிடக் கடுமையான மருந்து. ஐயா, அந்த விலாசம் உங்களுக்கு வேண்டாம்.

நானும் அதே நோய், அதே ஏபிவிடி. 2018-ல பிளஸ் டூ. பட்டியலை நான் வேற மாதிரி போட்டேன், உங்க பையன் மாதிரியே. ஆஸ்பத்திரி ஒரு ஊர்ல, காலேஜ் இன்னொரு ஊர்ல, நடுவுல எட்டு மணி நேர பஸ். ஏன்னா எங்க தெருவுல நான் "அந்தப் பையன்". அவனுக்கு என்ன தோணுதுன்னு எனக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரியும்.

ஹாஸ்டல்ல சேரும்போது டைபாய்டுன்னு சொல்லிட்டேன், முடி அதுல கொட்டிச்சுன்னு. நம்பிட்டாங்க. பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை "தாத்தாவுக்கு முடியல"ன்னு ஊருக்குப் போவேன். வார்டன் ஒரு நாள் கேட்டார், "தம்பி, உனக்கு எத்தனை தாத்தா?"

ஒன்பதாவது ஊசி முடிஞ்சு பத்தாம் நாள் குளிர் காய்ச்சல். டாக்டர் மொத நாளே சொல்லியிருந்தாங்க, 100.4 தாண்டினா மணி பார்க்காதே, நேரா வா, அப்போ ரத்தத்துல வெள்ளை அணு இருக்காதுன்னு. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் டோலோ போட்டுட்டுப் போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டேன், ஏன்னா போகணும்னா ஒருத்தர்கிட்ட சொல்லணும். ரெண்டு நாள். ரூம்மேட் ஒரு ராமநாதபுரத்துப் பையன், நான் உளறுறதப் பார்த்துட்டு அவனே ஆட்டோ கூப்பிட்டு ஏத்திட்டான். கேஷுவால்டியில "என்ன ட்ரீட்மென்ட்ல இருக்கார்"னு கேட்டதுக்கு டைபாய்டுன்னு சொல்லியிருக்கான் பாவம். நான் சொன்னதைத்தானே அவன் சொல்வான். என் பையில இருந்த ஃபைலைப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சாங்க. பதினோரு நாள் அட்மிஷன். அட்டெண்டன்ஸ் 58. மொத செமஸ்டர் போச்சு, அடுத்த வருஷம் ஜூனியர் பசங்களோட உக்காந்து எழுதினேன். நாலு வருஷப் படிப்பை அஞ்சு வருஷத்துல முடிச்சேன்.

வாத்தியார் சார் கணக்கு கரெக்ட். ஒண்ணு மட்டும் சேர்த்துக்கங்க: ஊசி போகப் போக அசதி கூடும். மூணாவது ஊசிக்கு ரெண்டு நாள் படுத்தேன், பத்தாவதுக்கு அஞ்சு நாள். கடைசி பாட்டில் ஒண்ணு கறுப்பு கவர் போட்டு மூடி வரும் பாருங்க, வெளிச்சம் படக்கூடாதுன்னு. அது ஏறும்போது நரம்பு எரியும். எட்டாவதுக்கு அப்புறம் எனக்கு அந்தக் கறுப்பு கவரைப் பார்த்தாலே வாந்தி. துணிக்கடையில கறுப்பு கவர் கொடுத்தாக்கூட. உங்க பையன் சொல்லாம மறைச்சிக்கிட்டிருப்பான். குமட்டலுக்கு முன்கூட்டியே போடுற மாத்திரை இருக்கு, டாக்டர்கிட்ட வெக்கப்படாம கேக்கச் சொல்லுங்க. ஸ்கேன் நல்லா வந்தா நாலு மருந்துல நுரையீரலுக்குத் தொந்தரவு தர்ற ப்ளியோமைசினை மட்டும் சில பேருக்கு நிறுத்திடுவாங்க, எனக்கு நிறுத்தினாங்க. அதையும் ஒரு வார்த்தை கேளுங்க.

காலேஜ்ல சொல்றது பத்தி. ஊருக்கே தண்டோரா போட வேண்டாம். ரெண்டு பேர் போதும். ஒண்ணு கிளாஸ் அட்வைசர், அட்டெண்டன்ஸுக்காக. இன்னொண்ணு பக்கத்துக் கட்டில், 100.4-க்காக. ஆனா ஐயா, நீங்க போய்ச் சொல்லாதீங்க. அவன் சொல்லட்டும். எங்க அப்பா ரெண்டாவது தடவை என்கூட வந்து ஹெச்ஓடி ரூம்ல அழுதுட்டார். அதுக்கப்புறம் அந்த சார் என்னை ஒரு வருஷம் கேள்வியே கேக்கல. லேபுல எல்லாரையும் திட்டுவார், என்னை மட்டும் "நீ உக்காருப்பா". அது கறுப்பு கவரைவிட மோசம்.

---

குரோம்பேட்டை அம்மா:

என் பொண்ணுக்கு வேற வகை, ரத்தப் புற்றுநோய், ஏஎல்எல். அதுக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல சிகிச்சை, முதல் எட்டு மாசம் ரொம்பக் கடுமை. நாங்க ஒரு வருஷம் விட்டுட்டோம். சரியான முடிவுதான். தினம் ராத்திரி ஒரு மாத்திரை, வாரத்துக்கு ஒரு நாள் இன்னொரு மாத்திரைங்கிற கட்டத்துக்கு வந்த பிறகு காலேஜ் போனா. அதனால உங்க மச்சானைத் திட்டாதீங்க, அவர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. ஆனா உங்களுக்கு மிச்சம் மூணரை மாசம்தான், கிட்டத்தட்ட பாதி வந்தாச்சு. என் பொண்ணு கதையும் உங்க கதையும் ஒண்ணில்ல. வருஷம் முழுக்க வீட்டுல உக்காந்து சுவத்தைப் பார்க்கிறதும் லேசு இல்ல தம்பி. அந்த வருஷம் அவ எங்க வீட்டு மாடிப்படியை எண்ணுவா, ஏறும்போது பத்தொன்பது, இறங்கும்போது பத்தொன்பது.

ரெண்டு விஷயம். ரயில் டிக்கெட் எடுக்கிறீங்களே, கேன்சர் நோயாளிக்குச் சலுகை இருக்கு, வாங்கினீங்களா? சிகிச்சைக்குப் போக வர ஸ்லீப்பர்லயும் மூணாம் ஏசிலயும் நோயாளிக்கு டிக்கெட் முழுக்க இலவசம், கூடப் போறவங்களுக்கு முக்கால்வாசி தள்ளுபடி. ஆஸ்பத்திரியில அதுக்குன்னு ஃபாரம் இருக்கு, டாக்டர் கையெழுத்து, சீல் போட்டுத் தருவாங்க. அஞ்சு தடவை முழுக் காசு கொடுத்திருப்பீங்கன்னு நினைச்சா வயிறு எரியுது.

அப்புறம் சாப்பாடு. ஹாஸ்டல்னா பச்சைச் சட்னி, வெட்டி வச்ச பழம், வெளித் தண்ணி வேண்டாம். தாம்பரம் லைன்ல காலேஜ் கிடைச்சா ஹாஸ்டலே வேண்டாம், அக்டோபர் வரைக்கும் ஒரு ரூம் எடுத்து அவங்க அம்மா வந்து இருக்கட்டும். லோக்கல் ரயில்ல கிண்டி, அங்கிருந்து ஆட்டோ. காலை எட்டு மணிக்கூட்டத்துல ஏறவிடாதீங்க, மாஸ்க் போட்டாலும். பதினோரு பாட்டில் ஹார்லிக்ஸையும் இங்க கொண்டு வந்துடுங்க, செலவாயிடும்.

---

எடைமேடை (அரியலூர்):

எல்லாருக்கும் கும்பிடு. பதில் போடத் தாமதம், நைட் ஷிஃப்ட்.

ரயில் சலுகை எங்களுக்குத் தெரியாதம்மா. அஞ்சு தடவை முழு டிக்கெட்தான். அடுத்த ஊசிக்குப் போகும்போது முதல் வேலை அதுதான்.

பன்னிரண்டு ஊசி தம்பி, நீங்கள் எழுதியதைப் பையனிடம் படிக்கக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தான். ராத்திரி சாப்பிடும்போது கேட்டான், "அந்த அண்ணன் சொல்ற கறுப்பு கவர், நம்ம ஆஸ்பத்திரியிலயும் அதேதான்ல?" அப்படியென்றால் இவனுக்கும் அது இருக்கிறது. ஐந்து தடவையும் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. பாட்டில் தீர்ந்ததா என்று மட்டும் பார்த்திருக்கிறேன். டாக்டரம்மாவிடம் அவனே கேட்கிறானாம்.

வாத்தியார் சார், உங்கள் கணக்கைப் பில் பேப்பரின் பின்பக்கம் போட்டுக் காட்டினேன். கோயம்புத்தூர் 66.7 என்றதும் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் ஒரு சண்டை. கிண்டியிலிருந்து ஆட்டோவில் போகும்போதெல்லாம் சர்தார் படேல் ரோட்டில் அண்ணா பல்கலைக்கழக கேட்டைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரி வருகிறது. அவன் அந்தப் பக்கம் திரும்ப மாட்டான் என்பதை நான் கவனித்திருக்கிறேன். "நோய் வரலைன்னா 195 எடுத்திருப்பேன், கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்லயே சேர்ந்திருப்பேன். இப்ப அதே ரோட்டுல ஆஸ்பத்திரிக்குத் தினம் போற மாதிரி ஒரு காலேஜ் பாருன்னு சொல்றீங்க"ன்னு கத்தினான். எனக்குப் பதில் இல்லை. அவன் அம்மாதான், "தினம் இல்லடா, ஏழு தடவை"ன்னாள்.

கடைசியில் பட்டியலை அவனே போட்டான். முதல் 22 தாம்பரம், வண்டலூர், பூந்தமல்லி பக்கம். அதற்கு அப்புறம் திருச்சி, இங்கே பக்கத்தில் ஒன்றிரண்டு. கோயம்புத்தூர் கிடையாது. நான் கேட்காமலே எடுத்துவிட்டான். ஆனால் இரண்டு நிபந்தனை. காலேஜுக்கு நான் சர்ட்டிஃபிகேட் கொடுக்க மட்டும்தான் வர வேண்டும், எந்த சாரிடமும் வாய் திறக்கக் கூடாது. அட்வைசரிடம் அவன் சொல்லிக்கொள்வானாம். இரண்டாவது, அம்மா ரூம் எடுத்துத் தங்கலாம், அக்டோபர் கடைசி ஊசி முடிந்த மறுவாரம் அவளைத் திருப்பி அனுப்பிவிடுவான்.

மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறார், கையில் ஹார்லிக்ஸோடுதான் வருவார்.

சாய்ஸ் நேற்று ராத்திரி லாக் செய்தாகிவிட்டது. ஓடிபி இந்தத் தடவை என் சட்டைப் பையில் வந்தது. அலாட்மென்ட் வந்ததும் இங்கே எழுதுகிறேன். தாம்பரம் பக்கம் தரைத்தளத்தில் ரூம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், மாடி வேண்டாம்.